வெள்ள நிவாரணம்: முதலில் கடை, அப்புறம் கலை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சாஆ ஊர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் குடியிருக்கும் தாமானில் பெண்கள் கோலக் குழு ஒன்று இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் உறுமி மேளக் குழு. சுவரில் படம் வரையும் இளைஞர்கள் இரண்டு பேர். கடைத்தெருவில் மளிகைக் கடை, கறிச்சோற்றுக் கடை, தையற்கடை, பூக்கடை, முடிவெட்டும் கடை என்று நம்மவர் கடைகள் ஏழெட்டு. அடுத்த முறை வெள்ளம் வந்தால் இவர்களையெல்லாம் சேர்த்து ஒரு கலை இரவு நடத்தி நிதி திரட்டலாமா, கடைக்காரர்களிடம் எவ்வளவு கேட்கலாம், சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்று கேட்கிறார்.

தாராளமாக நடத்தலாம். ஆனால் வெள்ளம் வந்த வாரத்தில் நடத்த வேண்டாம், கடைக்காரரிடம் எடுத்த எடுப்பில் பணம் கேட்கவும் வேண்டாம். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம். நான் சிகாமட் வட்டாரத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் என் பேச்சு கொஞ்சம் கல்லாப்பெட்டிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மார்ச்சை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரத்தில் வந்த மழை அது. சாஆ, பெக்கோக், லாபிஸ், சிகாமட், யோங் பெங், பத்து பகாட் என்று ஊர் ஊராகத் தண்ணீர் ஏறியது. ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பத்து பகாட் பக்கம் தண்ணீர் வடியவே வாரக்கணக்கில் ஆனது.

இந்த மாதிரி நேரத்தில் முதல் வாரம் சோற்றுக்குப் பஞ்சம் வருவது அபூர்வம். நிவாரண மையத்தைச் சமூக நல இலாகா பார்த்துக்கொள்கிறது. கோவில்காரர்கள், பள்ளிவாசல்காரர்கள், சீனர் சங்கத்தார், கட்சிக்காரர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா முழுகியபோது பெட்டாலிங் ஜெயா சீக்கியர் குருத்துவாராவில் ஆயிரக்கணக்கான பொட்டலங்களைச் சமைத்துக் கட்டி அனுப்பினார்கள். நம் நாட்டு மக்களுக்கு இது கைவந்த வேலை, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் கஷ்டம் ஆரம்பிக்கும். பொட்டல வண்டி வருவது நின்றுபோகும். மெத்தை குப்பைமேட்டில் கிடக்கும். அடுப்பு பர்னருக்குள் சேறு. பிள்ளையின் சீருடை, காலணி, புத்தகப்பை எதுவும் தேறாது. 2026 முதல் பள்ளித் தவணை மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், டிசம்பர் வெள்ளம் என்றால் அந்தச் செலவு நேராகத் தலையில் வந்து விழும். அரசாங்கம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வாங் இஹ்சான் என்ற உதவிப் பணம் கொடுத்து வருகிறது. ஆனால் பெயரைச் சரிபார்த்து அது கைக்கு வர நாளாகலாம். அதுவரை அந்தக் குடும்பத்தைத் தாங்குவது யார்? பெரும்பாலும் தெருமுனை மளிகைக் கடைதான்.

வெள்ளத்துக்குப் பிறகு நான் கணக்கு எழுதும் மளிகைக் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். நனைந்த அரிசி மூட்டைகள் வாசலில் புளித்த வாடையோடு கிடந்தன. கடைக்கார அண்ணன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கயிறு கட்டி, கடன் பற்று எழுதும் 555 நோட்டுகளை நடுப்பக்கத்தில் பிரித்துத் தொங்கவிட்டு, கீழே மேசை விசிறியை ஓடவிட்டிருந்தார். பால்பாயின்ட் பேனாவில் அவர் எழுதியது அப்படியே நின்றிருந்தது. ஜெல் பேனாவில் மகன் எழுதிய பக்கங்கள் முழுக்க நீலக் கறை. “அரிசி போனா வாங்கிக்கலாம் தம்பி. யார் எவ்வளவு பாக்கின்னு தெரியலைன்னா கேட்கவும் முடியாது, கேட்டா சண்டைதான் வரும்” என்றார். அந்த நோட்டுகளில் பெயர் இருந்தவர்களில் பலருடைய வீடும் முழுகியிருந்தது. அதே வாரத்தில் அவர்களுக்குப் புது நோட்டில் மறுபடி பற்று எழுதியவரும் அவர்தான். இதை எந்த நன்கொடைப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள். பொன்னாடை போர்த்தவும் யாரும் வர மாட்டார்கள்.

அந்த அண்ணன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பழைய சரக்கு போய்விட்டது. மொத்த வியாபாரியிடம் கடன் சொல்லிப் புதுச் சரக்கு இறக்கியிருக்கிறார். அதே நேரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு சங்கம் லாரி நிறைய அரிசி, மாவு, எண்ணெய், மீகோரெங் பாக்கெட் என்று கொண்டுவந்து இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதம் அவர் கடையில் அரிசி வாங்க ஆளில்லை. தண்ணீரில் ஒரு முறை, தானத்தில் ஒரு முறை என்று அவர் இரண்டு முறை முழுகுகிறார். காப்புறுதி இருக்குமே என்பீர்கள். பெரும்பாலானவர்களிடம் இருப்பது தீக்காப்புறுதி. வெள்ளம் அதில் தானாக அடங்காது, கூடுதல் சந்தா கட்டிச் சேர்க்க வேண்டும். நான் பார்க்கும் கடைகளில் கட்டாதவர்களே அதிகம். 2021 கடைசியில் வந்த வெள்ளத்துக்குப் புள்ளிவிவர இலாகா போட்ட கணக்கில் நாட்டின் மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி (ரிங்கிட்). அதில் வியாபார இடங்களின் இழப்பு மட்டும் ஏறக்குறைய 50 கோடி.

ஆகவே கடைக்காரரிடம் போனால் “எவ்வளவு தருவீங்க” என்று தொடங்காதீர்கள். “கடையை எப்போ திறப்பீங்க, கைக்கு எத்தனை ஆள் வேணும்” என்று கேளுங்கள். முதல் வாரத்தில் உறுமிக் குழுப் பையன்களை மேளத்தோடு கூப்பிட வேண்டாம், மண்வெட்டியோடு கூப்பிடுங்கள். பத்துப் பதினைந்து வாலிபர்கள், பழகிய கூட்டணி, சொன்னால் கேட்கும் தலைவர், சாமான் ஏற்ற ஒரு வேன் எல்லாம் அவர்களிடம் உண்டு. இதைவிடத் தயாரான துப்புரவுப் படை ஒரு தோட்டத்து ஊரில் கிடைக்காது. ஏழெட்டுக் கடைகளையும் கழுவித் திறந்துவிட்டால் ஊருக்குப் பாதி நிவாரணம் வந்த மாதிரி.

அப்புறம், திரட்டும் பணத்தை அந்தக் கடைகள் வழியாகவே குடும்பங்களுக்குக் கொடுங்கள். வெளியூரிலிருந்து யாராவது என்ன அனுப்பட்டும் என்று கேட்டால், சாமான் வேண்டாம், பணமாக அனுப்புங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதை வவுச்சர் சீட்டாக மாற்றிக் குடும்பங்களிடம் கொடுக்கலாம். 60 குடும்பம், குடும்பத்துக்கு 150 வெள்ளி என்று வைத்தால் மொத்தம் 9,000 வெள்ளி. இருபது வெள்ளிச் சீட்டு ஐந்து, பத்து வெள்ளிச் சீட்டு ஐந்து. உங்கள் ஊரின் ஏழெட்டுக் கடைகளில் எதில் வேண்டுமானாலும் செல்லும். ஒரு வீட்டுக்குக் குழந்தைப் பால்மாவு வேண்டும், இன்னொரு வீட்டுக்குச் சீருடை தைக்க வேண்டும், பாட்டிக்கு ஒரு கைலி வேண்டும். அதை நாம் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய அவசியமே இல்லை. சிகரெட்டுக்கும் மதுவுக்கும் செல்லாது என்று மட்டும் அச்சடித்துவிடுங்கள்.

இதில் மூன்று இடத்தில் கவனம் தேவை. பணம் வங்கியில் ஏறிய பிறகே சீட்டு அச்சடிக்க வேண்டும். யாரோ தருகிறேன் என்று சொன்னதை நம்பி அச்சடித்தால் கடைசியில் அது கடைக்காரர் தலையில்தான் விடியும். அடுத்தது, வாரா வாரம் வெள்ளிக்கிழமை சீட்டுகளை எண்ணி வாங்கிக் கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை தள்ளிப்போனால் மறுவாரம் அவர் சீட்டு வாங்கத் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது. மூன்றாவதுதான் கொஞ்சம் சங்கடமானது. கடைக்காரர் அந்தச் சீட்டைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளலாமா? கூடாது என்பது என் கருத்து. 555 நோட்டில் 300 வெள்ளி பாக்கி வைத்திருப்பவர் சீட்டை நீட்டும்போது, கல்லாவில் இருப்பவருக்குக் கை துறுதுறுக்கும், மனித சுபாவம்தானே. அதனால் இதை முன்னாடியே உட்காரவைத்துப் பேசி, எல்லாக் கடையும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் எழுதிவையுங்கள். அதற்குப் பதிலாக, பழைய பாக்கியை மூன்று மாதம் கேட்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அதையே அவருடைய நன்கொடையாக ஊரறியச் சொல்லலாம்.

கலைக்கு முதல் வேலை இந்த வவுச்சரிலேயே கிடைக்கிறது. வெறும் கணினித் தாளாக இருந்தால் வண்ண நகல் எடுக்க ஐந்து நிமிடம் போதும். எனக்குத் தோன்றிய வழி இது. ஒவ்வொரு சீட்டிலும், சீட்டுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் விழும்படி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு புள்ளிக் கோலத்தைக் கையால் போடச் சொல்லுங்கள். சீட்டைக் கிழித்தால் கோலம் இரண்டாகும். பணம் கொடுக்கும் நாளில் சீட்டையும் அடிக்கட்டையையும் ஒட்டி வைத்து, கம்பி கம்பியோடு சேர்கிறதா என்று பார்த்தால் போதும். கையால் போட்ட கோலம் ஒன்றுபோல் இன்னொன்று அமையாது. 60 குடும்பத்துக்கு 600 சீட்டு, பத்துப் பெண்கள் உட்கார்ந்தால் ஆளுக்கு அறுபது. பேசிக்கொண்டே ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுவார்கள். தயவுசெய்து ஜெல் பேனா மட்டும் வேண்டாம்.

கலை இரவை, கடைகள் திறந்து நாலைந்து வாரம் ஆன பிறகு வையுங்கள். சனங்களுக்கு வெளியே வர மனம் வந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் மறந்தே போயிருப்பார்கள், நினைவூட்ட வேண்டியிருக்கும். இடம் கடைத்தெருவாகவே இருக்கட்டும். மண்டபத்தில் வைத்தால் வாடகை போகும், கூட்டமும் கடைப்பக்கம் வராது. கறிச்சோற்றுக் கடை முன்னால் மேசை, கடைகளின் முன்நடையான அஞ்சடியில் கோலம், லோரோங் சந்தில் உறுமி என்று இருந்தால் வந்தவர்கள் சாப்பிடுவார்கள், பூ வாங்குவார்கள், சட்டை தைக்கக் கொடுப்பார்கள்.

கோலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பேரங்காடிகளில் தீபாவளிக்குப் போடுவதுபோல் சாயம் ஏற்றிய அரிசியில் போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் வெள்ளம் வந்த ஊரில், ஜனங்கள் அரிசிக்கு நிற்கும்போது இவர்கள் அரிசியைத் தரையில் கொட்டுகிறார்கள் என்று யாராவது ஒருவர் படம் எடுத்துப் போடுவார். அந்த ஒரு படம் போதும், முழு முயற்சியும் கெட்டுப்போகும். கல் உப்பில் சாயம் ஏற்றுங்கள், இல்லையென்றால் கோலமாவே போதும்.

உறுமிக் குழுவுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். ‘நல்ல காரியம்தானே, சும்மா அடிச்சுக் கொடுங்கப்பா’ என்று கேட்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். அந்தப் பையன்களின் வீடும் அதே லயத்து வரிசைவீடுகளில்தான் இருக்கிறது, கருவிகளும் அங்கேதான் இருந்தன. உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்துத்தான் அந்த உறுமல் வருகிறது. தோல் தண்ணீரில் ஊறித் தொய்ந்துவிட்டால் குச்சி வழுக்கும், சத்தம் எழும்பாது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். நிழலில் காயவைத்தும் சரிவராவிட்டால் புதுத் தோல் மாற்ற வேண்டியதுதான். கருவி வீணானவர்கள் பெயரையும் நிவாரணப் பட்டியலில் சேர்த்து, தோல் மாற்றும் செலவைத் தொழில் உதவியாகவே எழுதுங்கள். தைப்பூசத்துக்கும் கல்யாணத்துக்கும் அதை வைத்துத்தான் அவர்களுக்கு உபரி வருமானம். தையற்காரரின் மெஷினுக்கு ஒரு கணக்கு, உறுமிக்கு வேறு கணக்கு என்று பார்ப்பதில் நியாயமில்லை.

ஓவியர்கள் விஷயமும் இப்படித்தான். படத்தை முழுக்கத் தானம் கேட்டால், வீட்டில் கிடந்த பழைய படம் ஒன்று வரும். விலைச்சீட்டிலேயே 120 வெள்ளி, ஓவியருக்கு 70, நிதிக்கு 50 என்று எழுதிவிட்டால் நல்ல படம் வரும், வாங்குபவருக்கும் நம்பிக்கை வரும். எதை வரைவது என்பதும் முக்கியம். மயிலும் தாமரையும் எல்லா இடத்திலும் கிடைக்கும். உங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், ரப்பர் புகைவீடு, லயத்து வாசல், பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடம், செம்பனைக்கு மாறுவதற்கு முன் இருந்த பால்மரக் காடு, ஆற்றோரக் கோவில் இவற்றை வரையச் சொல்லுங்கள். இதற்குக் காசு கொடுப்பவர்கள் ஊரில் இல்லை. ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள், தோட்டத்தில் பிறந்து வெளியே போன பிள்ளைகள். படத்தைக் கைப்பேசியில் காட்டினாலே ‘அது எங்க வீட்டு வாசல்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய படம் நாலு போதும். மிச்சம் அஞ்சலட்டை அளவில் அச்சடித்து, ஐந்து பத்து வெள்ளிக்கு எல்லாரும் வாங்கும்படி வையுங்கள். 1960-இல் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலைச் சமாளிக்கத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் தோட்டத் தொழிலாளர்கள் போட்ட சின்னச் சின்னப் பணத்தில் எழும்பியதுதான். பொங்கலை ஒட்டி நடத்துவதாக இருந்தால் குவாலா சிலாங்கூரில் நம் குயவர்கள் வனையும் மண்பானையை வாங்கி, அதில் வண்ணம் தீட்டியும் விற்கலாம்.

சுவர் ஓவியத்துக்குக் கடைக்கட்டட உரிமையாளர் சம்மதமும் மாவட்ட மன்றத்தின் அனுமதியும் வேண்டும். வரைவதென்றால் தண்ணீர் ஏறிய மட்டத்தையும் ஆண்டையும் படத்துக்குள்ளேயே ஒரு கோடாகச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அடுத்து வாடகைக்கு வருபவர் மின்பிளக்கையும் அரிசிப் பலகையையும் அந்தக் கோட்டுக்கு மேலே வைத்துக்கொள்வார்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டம் 200-இன் கீழ் போலீஸ் உரிமம் வேண்டும். முன்கூட்டியே மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் போய்ப் பேசுங்கள். அதிர்ஷ்டக் குலுக்கல் டிக்கெட் விற்கும் யோசனை யாராவது கொண்டுவருவார்கள். 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் செய்ய வேண்டாம். ‘கூட்டு பிடிச்சு அதில் வர்ற கமிஷனை நிதிக்குக் கொடுக்கலாம்’ என்று சொல்பவரும் இருப்பார். கூட்டு, அதாவது பலர் மாதா மாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் பணச்சீட்டு, நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்க 1971-இலேயே சட்டம் வந்துவிட்டது, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகக் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பதிவு பெற்ற கோவில் நிர்வாகமோ குடியிருப்பாளர் சங்கமோ தன் கணக்கில் வாங்கி, கியூஆர் குறியீட்டில் அந்தச் சங்கத்தின் பெயர் தெரியும்படி வைக்கட்டும். வருமான வரிக் கழிவு கேட்கும் பெரிய நன்கொடையாளர் வந்தால், 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் உள்ள அமைப்பின் ரசீதுதான் அவருக்குப் பயன்படும். உங்கள் சங்கத்துக்கு அது இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பட்டியல் போடும்போது நிவாரண மையத்தில் பதிந்தவர்களோடு நிற்காதீர்கள். அக்கா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போய்த் தங்கியவர்கள் பெயர் எங்கும் இருக்காது. தோட்டத்து லயங்களில் இப்போது நம்மவரைவிட இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் அதிகமாக இருக்கும் இடங்களும் உண்டு. அரசாங்க உதவி அவர்களுக்கு எட்டுவது கடினம். தண்ணீர் வந்த வீடு என்றால் சீட்டு உண்டு என்று வைத்துக்கொண்டால் தகராறு குறையும். இதில் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தத் தொழிலாளர்களும் அதே மளிகைக் கடையில் மாதா மாதம் சாமான் வாங்குபவர்கள்தான் என்று கடைக்காரரையே எடுத்துச் சொல்லவையுங்கள், நீங்கள் சொல்வதைவிட எடுபடும்.

கடைக்காரரிடம் எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். ரொக்கத் தொகை எதுவும் நிர்ணயிக்காதீர்கள். மளிகையில் நிற்கும் லாபமே கொஞ்சம், வவுச்சர் சாமானுக்கு ஐந்து விழுக்காடு குறைத்துக் கொடுத்தாலே பெரிசு. தையற்காரரிடம் துணிக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தையற்கூலியை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். முடிவெட்டும் கடைக்காரர் பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு பிள்ளைகளுக்கு இலவசமாக வெட்டிவிடலாம். பூக்கடைக்காரர் பாவம், பூ ஒரு நாள் சரக்கு, அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். மேடைக்கு மாலை வாங்குவதென்றால் காசு கொடுத்து அவரிடமே வாங்குங்கள். தண்ணீர் ஏறாத மேட்டுப்பக்கக் கடைகளிடம் மட்டும் ரொக்கம் கேளுங்கள். அந்த வாரம் அவர்களுக்கு வியாபாரம் கூடியிருக்கும், அவர்களுக்கும் அது தெரியும்.

கடைக்காரர்களோடு பேசி முடிப்பதை ஆடித் திருவிழாக்கள் முடிந்த கையோடு, ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் சரக்கு எடுக்கத் தொடங்கிவிட்டால் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். தீபாவளி முடிந்ததும் 555 நோட்டில் பற்று உச்சத்தில் இருக்கும், மழையும் வந்துவிடும். வவுச்சர் மாதிரி, கையெழுத்துத் தாள், வங்கிக் கணக்கு மூன்றும் அதற்குள் தயாராக இருக்க வேண்டும். உறுமிக் குழுத் தலைவரிடமும் அப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வெள்ளம் டிசம்பரில் வந்தால் கலை இரவு தைப்பூசத்தை ஒட்டித்தான் விழும், அந்த நாட்களில் அவர்கள் யாருக்கும் கிடைக்க மாட்டார்கள். தைப்பூசம் முடிந்த அடுத்த சனிக்கிழமை என்று கேட்டால் ஒத்துக்கொள்வார்கள், முன்பணம் கொடுத்துவிட்டால்.